‘போரிங்’ யார், ‘போர்ட்’ யார்? பிலிப்பினோ மாணவர்களுக்கு ஆங்கில உணர்ச்சிச் சொற்களைக் கற்றுக்கொடுக்க ஒரு வழிகாட்டி

வளைகுடா மருத்துவமனைகளில் தமிழ்ச் செவிலியரும் பிலிப்பினோ செவிலியரும் ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பது இன்று சாதாரணம். சிங்கப்பூரிலும் அப்படித்தான். அங்கே கொஞ்சம் சரளமாக ஆங்கிலம் பேசும் தமிழர் யாராவது இருந்தால், “நீங்களே இவர்களுக்கும் சொல்லிக்கொடுங்களேன்” என்று பயிற்சியாளர் வேலை அவர் தலையில் வந்து விழும். ஆன்லைனில் பாடம் எடுப்பவர்களுக்கும் இப்போது பிலிப்பைன்ஸ் மாணவர்கள் கிடைக்கிறார்கள். இப்படிப் புதிதாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹேப்பி, சேட், ஆங்ரி என்று முகப்படம் காட்டித் தொடங்காதீர்கள். வகுப்பு அன்றைக்கே படுத்துவிடும். 1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற கப்பலில் அமெரிக்க ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் மணிலாவில் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து ஆங்கிலம் அந்த நாட்டுப் பள்ளிகளில் ஊறிப்போன மொழி. 1987 அரசியலமைப்பு பிலிப்பினோ மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் ஆட்சிமொழித் தகுதி தந்திருக்கிறது. உங்கள் மாணவருக்குச் சொல் தெரியும். எந்தச் சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அவருடைய தாய்மொழியில் ஒரு காரணம் இருக்கும். அதைத் திருத்தும் கருவியும் அதே தாய்மொழியிலேயே இருக்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் படிகள் எல்லாம் அந்த ஒரு நம்பிக்கையின் மேல் நிற்பவை. பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் முறையில் எனக்குப் பிடிப்பில்லை.

முதலில் எந்த ஊர் என்று கேளுங்கள்

பிலிப்பினோ என்ற தேசிய மொழி தகாலோக் மொழியை அடிப்படையாகக் கொண்டது. மணிலாவையும் அதைச் சுற்றிய மாநிலங்களையும் சேர்ந்தவர்களுக்கு அது வீட்டு மொழி. ஆனால் செபு, பொஹோல், தாவாவோ பக்கத்து ஆள் என்றால் வீட்டில் பேசுவது செபுவானோவாக இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து தாவாவோவுக்கு மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளைக் கேட்டால் இந்த வித்தியாசத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

உணர்ச்சிச் சொற்களில் இது வெறும் தகவல் அல்ல. செபுவானோவில் ‘சுக்கோ’ என்றால் கோபம். தகாலோக்கில் அதே ஒலி கொண்ட சொல் சரணடைவதைக் குறிக்கும். இதைவிட வில்லங்கமானது ‘லிபோக்’. செபுக்காரர் குழப்பமாக இருக்கிறது என்று சொல்ல அதைத்தான் சொல்வார். மணிலாக்காரர் காதில் அது காம இச்சை என்று விழும். ஆகவே தாவாவோ மாணவியிடம் கற்ற சொல்லை மணிலா மாணவரிடம் சொல்லிப் பெருமை தேட வேண்டாம்.

கீழே நான் தரும் எடுத்துக்காட்டுகள் தகாலோக் சொற்கள். செபுவானோ மாணவர் வந்தால் அவருடைய சொல்லை அவரிடமே கேட்டுப் பலகையில் எழுதுங்கள். பயத்துக்கு ‘ஹத்லோக்’ என்பார், வெட்கத்துக்கு ‘உலாவ்’ என்பார். சொல் மாறினாலும் முறை மாறாது.

‘நா’வும் ‘நக்காக்கா’வும்

பிலிப்பினோ மாணவரிடம் நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் வாக்கியம் ‘ஐ ஆம் போரிங்’. தனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல வந்தவர், தானே ஒரு சலிப்பூட்டும் ஆசாமி என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் போவார். ‘ஐ ஆம் கன்ஃப்யூசிங்’, ‘தி டியூட்டி இஸ் டயர்ட்’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் உள்ளபடி பாஸ்ட் பார்ட்டிசிபிள், பிரசன்ட் பார்ட்டிசிபிள் என்று ஆரம்பித்தால் தலையாட்டுவார்கள். அடுத்த நாளும் அதே ‘ஐ ஆம் போரிங்’ வரும்.

இங்கே தகாலோக் ஒரு அருமையான கைப்பிடியைத் தருகிறது. உணர்ச்சியை அனுபவிப்பவரைப் பற்றிப் பேசும்போது வேர்ச்சொல்லின் முன்னால் ‘நா’ சேரும். அந்த உணர்ச்சியை உண்டாக்கும் ஆளையோ பொருளையோ பற்றிப் பேசும்போது ‘நக்காக்கா’ சேரும். ‘குலாத்’ என்பது வியப்பு, திடுக்கிடல். நான் திடுக்கிட்டேன் என்றால் ‘நகுலாத்’. திடுக்கிட வைக்கும் செய்தி என்றால் ‘நக்காக்காகுலாத்’. எந்தப் பிலிப்பினோவும் இந்த இரண்டையும் தன் மொழியில் மாற்றிச் சொல்வதே இல்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்.

பலகையில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘நா’, வலப்பக்கம் ‘நக்காக்கா’. வேர்ச்சொற்களை நீங்கள் சொல்லுங்கள்; இரண்டு பக்கத்தையும் மாணவர்களே நிரப்பட்டும். வியப்புக்கு இடப்பக்கம் ‘சர்ப்ரைஸ்ட்’, வலப்பக்கம் ‘சர்ப்ரைசிங்’. களைப்பைக் குறிக்கும் ‘பகோத்’ சொல்லுக்கு ‘டயர்ட்’, ‘டயரிங்’. குழப்பத்தைக் குறிக்கும் ‘லித்தோ’வுக்கு ‘கன்ஃப்யூஸ்ட்’, ‘கன்ஃப்யூசிங்’. ஏமாற்றத்தைக் குறிக்கும் ‘திஸ்மாயா’வுக்கு ‘டிசப்பாயின்டட்’, ‘டிசப்பாயின்டிங்’. எரிச்சலுக்கு ‘இனிஸ்’ என்பார்கள். அதற்கு ‘இரிட்டேட்டட்’, ‘இரிட்டேட்டிங்’. நாலைந்து சொல் போனதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். யாராவது ஒருவர் தகாலோக்கில் பக்கத்து ஆளுக்கு விளக்க ஆரம்பித்துவிடுவார். அதைத் தடுக்காதீர்கள். நீங்கள் விளக்குவதைவிட அவர் நன்றாக விளக்குவார்.

அவர்கள் அன்றாடம் கலந்து பேசும் மொழியிலேயே இந்த முன்னொட்டுகள் ஆங்கில வேர்களோடும் ஒட்டிக்கொள்கின்றன. ‘நக்காக்காஸ்ட்ரெஸ்’, ‘நக்காக்காபோர்’ என்று மணிலா பஸ்ஸில் போகிற வருகிற எவரும் சொல்வார்கள். ஆகவே ‘போரிங்’ வந்து விழும்போதெல்லாம் நீங்கள் திருத்த வேண்டாம். “நக்காக்காவா, நாவா?” என்று கேட்டால் போதும். மாணவர் தானாகவே மாற்றிக்கொள்வார். இந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தச் சூத்திரம் கைகொடுக்காத இடங்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘நக்காக்காதக்கோத்’ என்றால் பயமூட்டுவது. ஆனால் ‘ஸ்கேரிங்’ என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை, ‘ஸ்கேரி’. அதேபோல் ‘ஸ்ட்ரெஸ்ஸிங்’ அல்ல, ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’. மகிழ்ச்சி தருவது ‘டிலைட்டிங்’ அல்ல, ‘டிலைட்ஃபுல்’. இந்த மூன்றையும் வலப்பக்க ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். முதலில் தவறுவது இவற்றில்தான்.

‘ஹியா’ என்னும் ஒரே பானை

இனி வருவதுதான் உண்மையில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம். தகாலோக்கில் ‘ஹியா’ என்ற ஒரு சொல் இருக்கிறது. தமிழில் நாம் வெட்கம், கூச்சம், தயக்கம், சங்கடம், தலைகுனிவு, அவமானம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதில் பெரும்பகுதி அந்த ஒரு பானைக்குள் இருக்கிறது. பிலிப்பினோ சமூகத்தைப் பற்றி எழுதிய அறிஞர்கள் பலரும் இந்தச் சொல்லில் வந்து நின்றிருக்கிறார்கள். ஆனால் ஆங்கில வகுப்பில் இதன் விளைவு மிக எளிமையானது: எல்லாவற்றுக்கும் ‘ஷை’.

‘ஐ வாஸ் ஷை டு ஆஸ்க் தி டாக்டர்.’ ‘ஐ ஆம் ஷை பிகாஸ் ஐ ஃபெல் டௌன்.’ ‘ஐ ஆம் ஷை டு மை மதர் பிகாஸ் ஐ லைட்.’ மூன்றிலும் ஆங்கிலேயர் ஒருவர் ‘ஷை’ சொல்லமாட்டார்.

சொற்பொருள் விளக்கம் கொடுப்பதைவிடச் சூழ்நிலை கொடுப்பது மேல். சிறு அட்டைகளில் ஒவ்வொரு சூழ்நிலையாக எழுதி, ஜோடி ஜோடியாக உட்காரவைத்துக் கொடுத்துவிடுங்கள். நான் பயன்படுத்துபவை இந்த மாதிரி இருக்கும். புது ஆட்கள் நடுவே வாயே திறக்காத சுபாவம் என்றால் ‘ஷை’. அது ஒருவருடைய குணம், அன்றைய நிகழ்ச்சி அல்ல. நோயாளியின் பெயரை மாற்றிக் கூப்பிட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்றால் ‘எம்பாரஸ்ட்’. அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு மனம் குத்துகிறது என்றால் ‘அஷேம்ட்’. மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கத்தி அவமானப்படுத்தினார் என்றால் ‘ஹ்யூமிலியேட்டட்’. ஏற்கெனவே லீவு கேட்டவர் மறுபடியும் கேட்கத் தயங்குகிறார் என்றால் ‘ஐ ஃபீல் ஆக்வர்ட் ஆஸ்கிங் அகெய்ன்’.

‘எம்பாரஸ்ட்’டுக்கும் ‘அஷேம்ட்’டுக்கும் உள்ள கோட்டில் கொஞ்சம் நின்று நிதானியுங்கள். தப்பு செய்யவில்லை, ஆனால் நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்பது முதலாவது. யாரும் பார்க்கவில்லை, ஆனால் தப்பு செய்திருக்கிறேன் என்பது இரண்டாவது. “யாருமே பார்க்காவிட்டாலும் இந்த உணர்ச்சி இருக்குமா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ‘அஷேம்ட்’ பக்கம் சாயலாம். எல்லா இடத்துக்கும் இது சரிவராது என்றாலும் பத்தில் எட்டுக்குச் சரிவரும்.

இன்னொரு சூழ்நிலையை மறக்காமல் சேருங்கள். நீங்கள் மாணவிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறீர்கள். அவர் ‘நக்காக்காஹியா நமன்’ என்பார். அதை அப்படியே ஆங்கிலமாக்கி ‘இட்ஸ் ஷேம்ஃபுல்’ என்று சொன்னால் கொடுத்தவர் அதிர்ந்துபோவார். நம் ஊரில் “எதற்கு இந்தச் சிரமம்?” என்று சொல்லிக்கொண்டே தட்டை வாங்குவோமே, அதுதான் இது. ஆங்கிலத்தில் ‘ஓ, யூ ஷுடன்ட் ஹேவ்’. இந்தத் தொடரைச் சொல்லிக்கொடுத்தால் அன்று மாலையே பயன்படுத்திவிடுவார்கள்.

விளையாட்டுக்குக்கூட ஒரு மாணவரைப் பார்த்து ‘வலாங் ஹியா’ என்று சொல்லிவிடாதீர்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வெட்கம் இல்லாதவர் என்றுதான் பொருள். ஆனால் அது அங்கே கடுமையான வசை. அதே காரணத்தால், பேசிக்கொண்டிருக்கும் மாணவரை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திப் பிழை திருத்தும் பழக்கமும் இந்த வகுப்புக்கு ஆகாது. நம் ஊர் வாத்தியார்களுக்கு அது கைவந்த கலை என்பது தெரியும். இங்கே அடுத்த முறை அந்த மாணவர் வாய் திறக்கமாட்டார். குறித்து வைத்துக்கொண்டு, பேச்சு முடிந்தபின் பெயர் சொல்லாமல் மொத்தமாகத் திருத்துங்கள்.

இரட்டித்துச் சொல்வதை ஒற்றைச் சொல்லாக்குங்கள்

உணர்ச்சி மிகுந்தால் தகாலோக்கில் சொல்லை இரட்டிப்பார்கள். கோபம் ‘கலித்’, கடுங்கோபம் ‘கலித் நா கலித்’. களைப்பு ‘பகோத்’, அடித்துப்போட்டாற்போல் இருந்தால் ‘பகோத் நா பகோத்’. மகிழ்ச்சி பொங்கினால் ‘மசயாங் மசயா’. இதன் நேர் விளைவுதான் ‘வெரி வெரி ஆங்ரி’, ‘வெரி வெரி டயர்ட்’. இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் தேர்வில் எழுதினால் சொல்வளம் இல்லாதவர் என்ற எண்ணம் வந்துவிடும்.

செய்ய வேண்டியது எளிது. மாணவர்களிடம் அவர்களுடைய இரட்டைச் சொற்களைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். ‘கலித் நா கலித்’ என்றால் ‘ஃப்யூரியஸ்’. ‘பகோத் நா பகோத்’ என்றால் ‘எக்ஸாஸ்டட்’. ‘தக்கோத் நா தக்கோத்’ என்றால் ‘டெரிஃபைட்’. ‘குதோம் நா குதோம்’ என்றால் ‘ஸ்டார்விங்’. பசி உணர்ச்சியா என்று யாராவது கேட்டால், இரவு டியூட்டி பார்த்தவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இந்தச் சொற்களுக்குள்ளேயே ‘வெரி’ அடங்கியிருக்கிறது. ஆகவே ‘வெரி ஃப்யூரியஸ்’ என்பது ஏற்கெனவே இரட்டித்ததை மறுபடி இரட்டிப்பது. வேண்டுமானால் ‘அப்சல்யூட்லி ஃப்யூரியஸ்’ எனலாம்.

எரிச்சலிலிருந்து கடுங்கோபம் வரை ஒரு ஏணி வரையச் சொல்வதும் நல்ல பயிற்சி. தகாலோக்கில் ‘இனிஸ்’, ‘யமோத்’, ‘அசார்’, ‘ப்விசித்’ என்று எரிச்சலிலேயே பல வகை உண்டு. எது மேல்படி, எது கீழ்ப்படி என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். வரட்டும். சண்டை முடிந்ததும் ‘அனாய்ட்’, ‘இரிட்டேட்டட்’, ‘ஃப்ரஸ்ட்ரேட்டட்’, ‘ஆங்ரி’ ஆகியவற்றை அதே ஏணியில் பொருத்தச் சொல்லுங்கள். ‘ஃப்ரஸ்ட்ரேட்டட்’ மட்டும் ஏணியில் உட்காராது. நினைத்தது நடக்கவில்லையே என்ற தடைதான் அதன் உயிர், கோபத்தின் அளவு அல்ல. அதைத் தனியே பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரே ‘சா’, ஆங்கிலத்தில் ஐந்து

நாய்க்குப் பயம், அண்ணன்மேல் கோபம், பிள்ளையைப் பற்றிக் கவலை, பாட்டில் ஆர்வம். தமிழில் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் வேற்றுமை மாறுகிறது. தகாலோக்கில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘சா’ என்ற ஒரே சொல் போதும். ஆகவே ‘ஆங்ரி டு யூ’, ‘அஃப்ரெய்ட் டு டாக்ஸ்’ என்றெல்லாம் வரும். ‘அஃப்ரெய்ட் ஆஃப்’, ‘ஆங்ரி வித்’, ‘வொரீட் அபௌட்’, ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘சர்ப்ரைஸ்ட் அட்’, ‘ஃபெட் அப் வித்’ என்று ஒட்டியே சொல்லிக்கொடுங்கள். தனியாக ‘அஃப்ரெய்ட்’ என்று பலகையில் எழுதவே எழுதாதீர்கள். காரணம் கேட்டால் காரணம் இல்லை என்று நேரே சொல்லிவிடலாம். நாய்க்கு ஏன் நான்காம் வேற்றுமை என்று நம்மைக் கேட்டால் நாம் என்ன சொல்லிவிடப் போகிறோம்?

‘ஜெலஸ்’, ‘என்வியஸ்’ பற்றி ஒரு வார்த்தை. தகாலோக்கில் காதலிலும் பாசத்திலும் வரும் பொறாமை ‘செலோஸ்’, ஸ்பானியரிடமிருந்து வந்த சொல். அடுத்தவர் புதுப் போனைப் பார்த்து வருவது ‘இங்கித்’. பயிற்சியாளர்கள் பலர் இந்தப் பிரிவை ஆங்கிலத்தில் கறாராகத் திணிக்கிறார்கள். ஆங்கிலேயரே பேச்சில் இரண்டுக்கும் ‘ஜெலஸ்’ சொல்லிவிட்டுப் போகும்போது, நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? விட்டுவிடுங்கள்.

உள்ளே இருப்பதும், ஊடலும்

‘லோஓப்’ என்றால் உள்ளே, உட்புறம். ‘உள்’ளிலிருந்து ‘உள்ளம்’ வந்த மொழிக்காரர்களுக்கு இது உடனே பிடிபடும். தகாலோக் உணர்ச்சித் தொடர்கள் பலவும் இந்த ‘லோஓப்’பைச் சுற்றித்தான் இருக்கின்றன. ‘லக்காஸ் நாங் லோஓப்’ என்றால் துணிச்சல். ‘உத்தாங் நா லோஓப்’ என்றால் அச்சுஅசலாக நம் நன்றிக்கடன். ‘சமா நாங் லோஓப்’ என்றால் மனத்தாங்கல். இவற்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் வயிற்றுக்கோளாறு போல ஒலிக்கும். துணிச்சலுக்கு ‘கரேஜ்’. நன்றிக்கடனுக்கு ‘ஐ ஓ ஹர் எ லாட்’. மனத்தாங்கலுக்கு இரண்டு வழி: மென்மையாகச் சொல்ல ‘ஐ ஃபெல்ட் ஹர்ட்’, உள்ளே வைத்துப் புழுங்குவதைச் சொல்ல ‘ஐ ஃபெல்ட் ரிசென்ட்ஃபுல்’.

‘தம்போ’ என்று ஒன்று உண்டு. நெருங்கியவர் நம்மைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், சண்டை போடாமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு, அவர் வந்து சமாதானம் செய்யட்டும் என்று காத்திருப்பது. ஊடல் என்று நாம் சொன்னால் முடிந்தது, ஆனால் இங்கே காதலர் மட்டுமல்ல. தோழியும் அத்தையும்கூட ஊடுவார்கள். அகராதி ‘சல்க்’ என்று தரும். அது சிறுபிள்ளைத்தனம் என்று குறை சொல்லும் தொனி உள்ள சொல். தன்னைப் பற்றிச் சொல்ல ‘ஐ ஆம் எ பிட் ஹர்ட் தட் யூ ஃபர்காட்’ என்ற வாக்கிய அமைப்பைக் கொடுங்கள். உணர்ச்சியோடு காரணமும் வாக்கியத்தில் வந்துவிடுவதால் கேட்பவருக்குப் புரியும்.

வீணாகிப்போன ஒன்றைப் பார்த்து அவர்கள் ‘சயாங்!’ என்பார்கள். அதற்கு ஆங்கிலம் ‘வாட் எ பிட்டி’ அல்லது ‘வாட் எ ஷேம்’. இந்த ‘ஷேம்’ ஹியா அல்ல என்று சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு.

‘கிலிக்’, ‘கிகில்’ இரண்டையும் மொழிபெயர்க்கச் சொல்லி யாராவது மடக்கினால் மெனக்கெட வேண்டாம். முன்னது காதல் காட்சியைக் கண்டு சிலிர்ப்பது. பின்னது கொழுகொழு குழந்தையைப் பார்த்ததும் கிள்ளிவிட வேண்டும்போல் பல்லைக் கடிப்பது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2016 இல் ‘கிலிக்’கையும் 2025 இல் ‘கிகி’லையும் ஆங்கிலச் சொற்களாகவே சேர்த்துக்கொண்டுவிட்டது.

மருத்துவமனையில் வெடிக்கும் சொற்கள்

பிலிப்பைன்ஸில் பழகிய ஆங்கிலத்தில் சில சொற்கள் அந்த ஊர்ப் பொருளில் மட்டுமே செல்லும். வீட்டில் பேசினால் அழகு. வெளிநாட்டு வார்டில் பேசினால் குழப்பம். ‘ஷி இஸ் ஹைபிளட்’ என்றால் அவர் கோபமாக இருக்கிறார் என்று பொருள். கேட்கும் வெளிநாட்டு டாக்டர் ரத்த அழுத்தக் கருவியைத் தேடுவார். ‘ஐ காட் கான்ஷஸ்’ என்றால் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் கூச்சமாகிவிட்டது என்று பொருள்; மருத்துவமனையில் அது மயக்கம் தெளிந்த கதையாகிவிடும். ‘செல்ஃப்-கான்ஷஸ்’ என்று முழுசாகச் சொல்லப் பழக்குங்கள். டியூட்டி ‘டாக்சிக்’ என்றால் வேலை மூச்சுமுட்டியது என்று பொருள், விஷம் பரவவில்லை, ‘ஹெக்டிக்’ போதும். ஆங்கிலம் பேசித் திணறினால் ‘நோஸ்பிளீட்’ என்பார்கள். அதை நோயாளி முன்னால் சொல்லாமலிருப்பது நல்லது.

நாமும் யோக்கியமில்லை. ‘டோன்ட் ஃபீல்’ என்று ஆறுதல் சொல்வது, ‘ஐ ஆம் இன் டென்ஷன்’ என்பது எல்லாம் நம் சரக்கு. பிலிப்பினோ மாணவர் நல்லவர். ஆசிரியர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று அதையும் எழுதிக்கொள்வார். வகுப்புக்கு முன் நம்முடைய ஆங்கிலத்தையும் ஒருமுறை சலித்துவிட வேண்டும்.

ஒலி

1940 இல் லோப்பே கே. சாந்தோஸ் எழுதிய இலக்கணம் முன்வைத்த ‘அபகாதா’ நெடுங்கணக்கில் 20 எழுத்துகள்தாம். அதில் எஃப், வி, இசட் கிடையாது. 1987 இல் வந்த 28 எழுத்து வரிசை அவற்றைச் சேர்த்துக்கொண்டது. நாக்கு இன்னும் முழுதாகச் சேர்க்கவில்லை. ‘ஃபீலிங்’ ‘பீலிங்’ ஆகும், ‘நெர்வஸ்’ ‘நெர்பஸ்’ ஆகும். ஆய்தமும் பகரமும் சேர்த்து ‘ஃப’ எழுதிச் சமாளிக்கிற நமக்கு இதைக் கேட்டுச் சிரிக்கத் தகுதியில்லை. மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும் என்று காட்டினால் போதும். ‘ஃபீல்’ நெடில், ‘ஃபில்’ குறில் என்ற வேறுபாடும் அவர்களுக்குச் சிக்கல். குறில் நெடில் பார்த்தே வளர்ந்த தமிழ்க் காது இங்கே உதவும்.

தகாலோக்கில் அவனும் அவளும் ‘சியா’தான். அதனால் ‘மை மதர் இஸ் வொரீட், ஹி இஸ் க்ரையிங்’ என்று வரும். கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். பழகப் பழகச் சரியாகும்.

பேசவைத்துப் பாருங்கள்

செவிலியர்களுக்கு இதெல்லாம் கடைசியில் கைகொடுக்க வேண்டிய இடம், மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதி. அதில் சுமார் ஐந்து நிமிட உரையாடல் இரண்டு. தேர்வு நடத்துபவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். மருந்தின் பெயர் சரியாகச் சொன்னால் மட்டும் மதிப்பெண் வராது. எதிரில் இருப்பவர் பயப்படுகிறாரா, எரிச்சலில் இருக்கிறாரா என்று கண்டு, அதை வாயால் சொல்லி, அவர் கவலைக்கு இடம் கொடுக்கிறார்களா என்றும் பார்ப்பார்கள்.

இங்கே கால் சென்டர் அனுபவம் உள்ள மாணவர்கள் ஒரு பழக்கத்தோடு வருவார்கள். ‘ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன்’ என்று எதற்கெடுத்தாலும் ஒரே பாட்டு. மார்பகக் கட்டிக்குச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு ஃப்ரஸ்ட்ரேஷன் அல்ல, ‘ஆங்ஷஸ்’. அப்போது சொல்ல வேண்டியது ‘இட் சவுண்ட்ஸ் லைக் தி வெயிட்டிங் இஸ் மேக்கிங் யூ ஆங்ஷஸ்’. முடிவு நல்லபடியாக வந்தபின் அவருக்கு ‘ரிலீவ்ட்’. வீட்டுக்குப் போனபின் செய்ய வேண்டிய பதினைந்து காரியங்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் ‘ஓவர்வெல்ம்ட்’. இந்த மூன்று சொல்லையும் ஒரே நோயாளியின் கதையில் வைத்து நடிக்கவிடுங்கள்.

மாணவரையே நோயாளியாக நடிக்கவைத்தால் ஒரு சுவர் வந்து நிற்கும். ‘ஹௌ ஆர் யூ ஃபீலிங்?’ என்றால் புன்னகையோடு ‘ஓகே லாங்’ என்பார், பரவாயில்லை என்று பொருள். நிஜ வாழ்க்கையிலும் அதே பதில்தான். ‘ஆர் யூ ஓகே?’ என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டில் எது என்று கேளுங்கள்: ‘ஆர் யூ மோர் வொரீட் அபௌட் தி பெய்ன், ஆர் அபௌட் பீயிங் அவே ஃப்ரம் ஹோம்?’ இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். பேச ஆரம்பித்ததும் குறுக்கே போகாதீர்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அவரிடமே கொடுத்து, எத்தனை இடத்தில் ‘வெரி’ சொன்னார், எந்த ‘ஷை’யை எதாக மாற்றலாம், எங்கே ‘நா’ வர வேண்டிய இடத்தில் ‘நக்காக்கா’ வந்துவிட்டது என்று தனியாக உட்கார்ந்து குறித்துவரச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் அதே நோயாளி, அதே கட்டில். செவிலியர் மட்டும் மாறட்டும்.